பதினொரு புத்தகம் தாங்கிய பாலம்

செப்டம்பர் 3, புதன்

இன்றைக்கும் கடைசிப் பீரியட் பாதி போய்விட்டது. மைக்கில் அறிவிப்பு, அப்புறம் யாருக்கோ பிறந்தநாள் மிட்டாய். மிச்சமிருந்த இருபது நிமிஷத்தில் ஒன்பது பிள்ளைகளின் படைப்புத் திறனை நான் வளர்க்க வேண்டுமாம். ஆசிரியர் அறையில் இதற்குக் கத்தரிக்கோல் கிளாஸ் என்று பெயர். பதினாறு வருஷமாகக் கத்தரிக்கோல் டீச்சராகவே காலம் தள்ளுகிறேன். அலுத்துவிட்டது.

பழைய செய்தித்தாளைப் பென்சிலில் சுற்றிக் குழாய் உருட்டக் கற்றுக்கொடுத்தேன். அந்தக் குழாய்களை ஒட்டிப் பாலம் கட்ட வேண்டும். எட்டுப் பேர் குழாயை எடுத்துக் கத்திச்சண்டை போட்டார்கள். மூன்றாம் வகுப்பு ஆமை மட்டும் மூலையில் உட்கார்ந்து உருட்டிக்கொண்டே இருந்தது. எதைச் செய்தாலும் மெதுவாம், அதனால் ஆமை. யார் வைத்த பெயரோ, நானும் அப்படியே கூப்பிடுகிறேன். பள்ளி திறந்ததிலிருந்து அந்தப் பெண் என்னிடம் ஒரு வார்த்தை பேசியதில்லை. யாரிடமும்தான்.

செப்டம்பர் 10, புதன்

ஆமை பேசிவிட்டது!

அவள் பாலத்தின் கால்கள் ஒவ்வொன்றும் ஒரு பக்கம் போயிருந்தன. "ஏம்மா இப்படிக் கோணலா?" என்றேன்.

"அகட்டி வெச்சாதான் மிஸ் விழாது. பஸ்ல எங்கப்பா அப்படித்தான் நிப்பாரு." சொன்னதோடு நில்லாமல் எழுந்து நின்று காட்டினாள்.

கதைப் புத்தகங்களை ஒவ்வொன்றாக வைத்தோம். மற்றவர்களுடையது மூன்று, நான்கிலேயே படுத்துவிட்டது. இவளுடையது பதினொன்று தாங்கியது! பன்னிரண்டாவதை எடுக்கும்போது மணி அடித்துத் தொலைத்தது. எல்லோரும் சேர்ந்து எண்ணினார்கள், அவள்தான் உரக்க. எனக்குக் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. இந்த வயதில் இதெல்லாம் தேவையா?

செப்டம்பர் 12, வெள்ளி

கணக்கு டீச்சருக்கு மூக்கில் வியர்த்துவிட்டது. "அந்த ஆமைக்கு ஏழாம் வாய்ப்பாடு இன்னும் வரல மேடம். அந்தப் பீரியட்ல என்கிட்ட அனுப்புங்க. உங்ககிட்ட சும்மா பேப்பர்தானே கிழிக்கிறா?"

தலைமையாசிரியையிடம் போனோம். பெரிய மிஸ் எப்போதும் போல நடுவில் வெட்டினார்: "பத்தொம்பதாம் தேதி கண்காட்சி. கல்வி ஆபீசர் வர்றாரு, பேரன்ட்ஸ் வர்றாங்க. அவ செஞ்சது நல்லா இருந்தா உங்ககிட்டயே இருக்கட்டும். இல்லன்னா வாய்ப்பாடுதான்."

அவள் வாயைத் திறப்பதே என் அறையில்தான். அதையும் பிடுங்கினால் திரும்ப மூடிக்கொள்வாள். யாருக்குப் புரிகிறது?

செப்டம்பர் 18, வியாழன்

பிள்ளைகள் போனபிறகு எல்லாவற்றையும் மேஜையில் அடுக்கினேன். உள்ளதைச் சொன்னால், பார்க்கச் சகிக்கவில்லை. அவள் பாலம் எல்லாவற்றிலும் மோசம். பெரிய மிஸ் எட்டிப் பார்த்து, "இதையா வைக்கப் போறீங்க?" என்று கேட்டுவிட்டுப் போனார்.

கொஞ்சம் சரி பண்ணினேன். கொஞ்சம்தான். கால்களைக் கழற்றி, ஒரே அளவாக வெட்டி, நேராக நிறுத்தி ஒட்டினேன். மேலே நீலத் தாள். 'பதினொரு புத்தகம் தாங்கும்' என்று அவள் எழுதிய அட்டையை மட்டும் தொடவில்லை.

வருஷா வருஷம் எல்லாப் பிள்ளைகளுக்கும் செய்வதுதானே. இப்போது லட்சணமாக இருக்கிறது. அவளை என்னிடமிருந்து யார் பிரிக்கிறார்கள், பார்க்கிறேன்.

செப்டம்பர் 19, வெள்ளி

எழுத வரவில்லை.

செப்டம்பர் 20, சனி

எழுதித்தான் ஆக வேண்டும்.

ஆபீசர் அட்டையைப் படித்தார். "பதினொண்ணா! பார்த்துடலாமே." ஒரே ஒரு புத்தகம் வைத்தார். பாலம் அப்படியே உட்கார்ந்துவிட்டது. எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட எண்ணம் ஒன்றும் இல்லை, சும்மா சிரித்தார்கள்.

"என்ன பாப்பா, பொய் எழுதிட்டியா?"

அவள் பாலத்தைப் பார்க்கவில்லை. என்னைப் பார்த்தாள். "மிஸ், இது நான் கட்டினது இல்ல."

"தப்பும் பண்ணிட்டு பேச்சு வேறயா?" என்று அம்மா அவள் கையைப் பிடித்து இழுத்தாள். பாவம், அந்த அம்மாவுக்கு அத்தனை பேர் முன்னால் அவமானம்.

நான்தான் மாத்தினேன் சார் — இதைச் சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நான் சொன்னது என்ன தெரியுமா? "பசை இன்னும் காயல போல சார்." சீ! எட்டு வயசுப் பிள்ளையைப் பொய்க்காரி ஆக்கிட்டு, பல்லைக் காட்டிக்கிட்டு நின்னேனே, நானெல்லாம் ஒரு டீச்சரா?

இனி அவளை ஆமை என்று எழுத மாட்டேன். இதனால் அவளுக்கு என்ன லாபம், அது வேறு.

செப்டம்பர் 22, திங்கள்

பெரிய மிஸ்ஸிடம் உண்மையைச் சொன்னேன். திட்டுவார் என்று நினைத்தேன், திட்டியிருக்கலாம்.

"விடுங்க மேடம், யாரு பண்ணாம இருக்காங்க? ஆபீசருக்கு உங்க கண்காட்சி ரொம்பப் பிடிச்சுப் போச்சு. இன்னும் ரெண்டு பீரியட் சேர்த்துக் குடுக்கச் சொல்லிட்டாரு."

"அந்தப் பொண்ணு?"

"அது வாய்ப்பாட்டுக்குப் போகட்டும். பேசினபடிதானே."

அவள் அம்மாவுக்கும் போன் செய்து சொன்னேன். "நீங்க நல்லதுக்குத்தானே மிஸ் பண்ணியிருப்பீங்க," என்கிறாள். ஒருவர்கூட என்னை ஏன் என்று கேட்க மாட்டேன் என்கிறார்.

செப்டம்பர் 24, புதன்

என் வகுப்பில் எட்டுப் பேர்.

செப்டம்பர் 26, வெள்ளி

வராந்தாவில் அவளைப் பிடித்து நிறுத்தினேன். "நீ பொய் சொல்லலம்மா. நான்தான் மாத்திட்டேன். தப்பு என்னோடது. மன்னிச்சுடு."

"கோணலா இருந்துச்சுல்ல மிஸ்," என்றாள், எனக்கு ஆறுதல் சொல்வது போல.

"இல்லடா, கோணல்தான் சரி. நீ சொன்னதுதான் சரி."

தலையை மட்டும் ஆட்டிவிட்டுக் கணக்கு வகுப்புக்குப் போய்விட்டாள். நான் வராந்தாவிலேயே நின்றிருந்தேன். உள்ளே ஏழாம் வாய்ப்பாட்டை ஆரம்பித்தார்கள்.

அக்டோபர் 17, வெள்ளி

வாய்ப்பாடு முழுக்க வந்துவிட்டதாம். கணக்கு டீச்சர் வாய் நிறையச் சொன்னார். என் வகுப்பில் இப்போது பதினேழு பேர்.

மணி அடித்தபிறகு அவள் என் அறை வாசலில் நின்றாள். கையில் ஒரு பாலம், வீட்டில் செய்ததாம். உள்ளே கூப்பிட்டதும் கொண்டுவந்து மேஜையில் வைத்தாள். நாலு கால்களும் ஒரே உயரம், ஸ்கேல் வைத்த மாதிரி நேராக. மேலே நீலத் தாள்.

"உங்களுக்குத்தான் மிஸ்."

நன்றாக இருக்கிறது என்றேன். வேறு என்ன சொல்வேன்? எத்தனை புத்தகம் தாங்கும் என்று கேட்டேன்.

"வெச்சுப் பாக்கல மிஸ்," என்றாள். "வெச்சா விழுந்துடும்."