தனியாள் என்று சொன்ன இருவர்

அன்புள்ள வட்டிக்கு,

நான் நலம். உனக்குச் சளி குறைந்ததா? ஃபோனில் பேசலாம்தான். ஆனால், "நீயே பார்த்து முடிவு பண்ணு" என்று சொல்லிவிட்டு வைத்துவிடுவாய். அதனால்தான் ரயில் நிலையத்தில் உட்கார்ந்து இவ்வளவு நீளத்துக்கு மின்னஞ்சலில் எழுதுகிறேன். ரயில் தாமதம். எந்த நாற்காலியிலும் என்னால் நிலையாக உட்கார முடியவில்லை. எதிரில் இருக்கும் பெரியவர் என்னைத் திருட வந்தவளைப் போலப் பார்க்கிறார்.

முதலில் பெரிய பல்கலைக்கழகத்துச் செய்தி. வேலை தருகிறார்கள். வெள்ளிக்கிழமைக்குள் சம்மதம் சொல்ல வேண்டும், இல்லையென்றால் அடுத்தவருக்குப் போய்விடும். நிதித்துறைக்கென்றே தனிக் கட்டிடம். உள்ளே நுழைந்ததும் சுவர் முழுக்கப் பங்குவிலை ஓடுகிறது. யாரும் நிமிர்ந்து பார்ப்பதில்லை. எந்தத் தகவல் தொகுப்பு கேட்டாலும் இருக்கிறது. நாம் மாதக்கணக்கில் கெஞ்சிக் கூத்தாடி வாங்கியதெல்லாம் அங்கே சும்மா கிடக்கிறது. நேர்முகத்தில் என் ஆய்வுரையின் இரண்டாவது ஸ்லைடிலேயே பிடித்துக்கொண்டார்கள். எது காரணம், எது விளைவு என்று எனக்கே தெரியவில்லை என்றார் ஒருவர். முடிவுகளைச் சொல்ல விடவே இல்லை. கடைசியில் கைதட்டி வேலையும் கொடுத்துவிட்டார்கள்.

மாடியில் நடந்தபோது ஒன்றைக் கவனித்தேன். நிரந்தரமானவர்களின் அறைக்கதவில் பித்தளைப் பெயர்ப்பலகை. என்னைப் போலப் புதிதாகச் சேர்பவர்களுக்குக் காகிதத்தில் அச்சடித்துப் பிளாஸ்டிக் உறையில் செருகியிருக்கிறார்கள். ஆறு வருடம் கழித்து நிரந்தரமாக்குவார்கள், இல்லாவிட்டால் காகிதத்தை உருவிவிடுவார்கள். எல்லாக் கதவுகளும் சாத்தியிருந்தன. இளையவர்களில் ஒருத்தியிடம் மதியம் எங்கே சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். மேஜையிலேயே என்றாள். அதில் ஒரு பெருமைகூட இருந்தது.

இன்று காலை சின்னப் பல்கலைக்கழகம். அங்கே நிதித்துறைக்கும் கணக்கியல் துறைக்கும் ஒரே வராந்தா, ஒரே அச்சு இயந்திரம். தகவல் தொகுப்பு ஒரே ஒரு கணினியில்தான், முறை வைத்து உட்காருகிறார்கள். பாடச்சுமை பெரிய இடத்தைப் போல இரண்டு மடங்கு. ஆனால் என் உரையைக் கடைசி வரை கேட்டார்கள். கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்கள், அதைக் குறிப்பேட்டில் எழுதி வைத்திருக்கிறேன். துறைத்தலைவர் அம்மா தானே காபி கோப்பைகளைக் கழுவி வைத்தார். காலியாகக் கிடந்த அறைகளையும் திறந்து காட்டினார். ஒன்றில் யாரோ விட்டுப்போன குடை தொங்கியது.

அவரேதான் என்னைக் காரில் நிலையத்துக்குக் கூட்டிவந்தார். பின்சீட்டில் விடைத்தாள் கட்டுகள். வழியில் மெதுவாக ஆரம்பித்தார்.

"நல்லாப் பேசினீங்க. ஆனா தனியா வர்றவங்க இந்த ஊர்ல நிக்கறதில்லைம்மா. பெரிய இடத்துல கூப்பிட்டதும் கிளம்பிடறாங்க. அதனாலதான் போன வாரம் வந்த ஒருத்தரைக்கூட வேண்டாம்னுட்டோம். வட்டி விகிதத்துல நல்ல வேலை. வரைபடத்தைத் தலைகீழா வரைஞ்சுட்டு, அதை வச்சே விளக்கியும் முடிச்சாரு."

உலகத்தில் அப்படிச் செய்யக்கூடிய ஆள் நீ ஒருவன்தான், வட்டியையே ஆராய்ந்து என்னிடம் வட்டி என்று பெயர் வாங்கியவன். அங்கிருந்து இன்னும் அழைப்பே வரவில்லை என்றுதானே என்னிடம் சொன்னாய்?

நம் சீனியர் பேச்சைக் கேட்டுத்தான் இப்படி ஆனது. கணவன் மனைவி என்று தெரிந்தால் இரண்டு நாற்காலி கேட்பார்கள் என்று பயந்து ஒன்றும் தரமாட்டார்கள், மூச்சு விடாதீர்கள் என்றார். நேரடியாகக் கேட்க மாட்டார்கள், ஊர் பிடிக்குமா, யாரோடு வருவீர்கள் என்று சுற்றி வளைப்பார்கள் என்றார். நாமும் ஒருவரை ஒருவர் கேள்வி கேட்டு ஒத்திகை பார்த்தோம். "தனியாள்தான், எங்கே வேண்டுமானாலும் வரமுடியும்." இரண்டு இடத்திலும் நான் தடுமாறாமல் சொன்னேன். கெட்ட செய்தியை மறைக்கும் நிறுவனங்களைப் பற்றி ஆய்வு செய்பவள் நான். இருக்கும் ஒரே நல்ல செய்தியை மறைத்து இருவரும் சின்ன இடத்து வேலையைக் கோட்டை விட்டிருக்கிறோம்.

சிரித்திருப்பேன், அந்த அம்மா அதோடு நிறுத்தியிருந்தால். நிறுத்தவில்லை. "தனியா இருக்கறதுதான் எனக்குப் பிடிச்சிருக்குன்னு வேற சொன்னாரு" என்றார்.

அது நம் ஒத்திகையில் இல்லை. யார் எழுதிக்கொடுத்த வசனம் அது? வந்ததிலிருந்து அதையேதான் யோசித்துக்கொண்டிருக்கிறேன். விடுமுறைக்கு விடுமுறைதான் சேர்ந்து இருக்கிறோம். கிளம்பும் நாளன்று காலையிலேயே உன் பெட்டி வாசலுக்கு வந்துவிடும். ரயிலுக்கு நேரமாகிவிடும் என்ற பதற்றம் என்று நினைத்திருந்தேன். அத்தையும் நேற்றுப் பேசினார்கள். எப்போது ஒரே வீட்டில் இருப்பீர்கள் என்று கேட்டால் நீ எரிந்து விழுகிறாயாம். வேலைக் கவலை அத்தை என்று சமாதானம் சொன்னேன். வேலைக் கவலைதானே?

காரிலேயே சொல்லிவிட்டேன், அவர் என் கணவர் என்று. உன்னைக் கேட்காமல் சொன்னதற்குக் கோபப்படாதே. மறுபடி ஒரு தடவை மறைக்க வாய் வரவில்லை. அந்த அம்மா காரை ஓரம் கட்டினார். நீங்கள் சொன்னதில் வேறு எதெல்லாம் பொய் என்று கேட்டார். வேறு எதுவும் இல்லை என்றேன். அவமானமாக இருந்தது. பிறகு மறுபடி காரைக் கிளப்பிக்கொண்டே, இந்த வருடம் இரண்டு இடம் இருக்கிறது, வியாழக்கிழமை குழுவை மறுபடி கூட்டுகிறேன் என்றார். ஆனால் நான் சொன்னது மட்டும் போதாதாம்.

"அவர் ஒண்ணு சொல்றாரு, நீங்க ஒண்ணு சொல்றீங்க. அவரே எழுதட்டும்."

அந்த அம்மாவின் மின்னஞ்சல் முகவரி உன்னிடம் இருக்கும். வியாழக்கிழமைக்கு முன் ஒரு வரி எழுதினால் போதும். நீ எழுதாவிட்டால் வெள்ளிக்கிழமை பெரிய இடத்துக்குச் சம்மதம் அனுப்பிவிடுவேன். எனக்கு அதுவும் நல்ல வேலைதான், சமாளித்துக்கொள்வேன். ஏன் எழுதவில்லை என்று கேட்க மாட்டேன். அத்தையிடம் என்ன சொல்ல வேண்டுமோ, அதையும் நானே சொல்லிக்கொள்கிறேன்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறேன். வேலைக்காக என்றால் எழுதாதே. உன் கட்டுரை நல்ல கட்டுரை, இந்த வருடம் இல்லாவிட்டால் அடுத்த வருடம் எங்காவது கிடைத்துவிடும். உனக்கு ஒரு மனைவி இருக்கிறாள் என்று யாரிடமாவது சொல்ல ஆசையிருந்தால் மட்டும், அந்த அம்மாவிடம் சொல்.

ரயில் வருகிறது என்று அறிவிக்கிறார்கள். உடம்பைப் பார்த்துக்கொள்.

இப்படிக்கு,
உன் மனைவி