முழுக்கை ஜாக்கெட் போட்ட மதினிக்கு

மதினி,

போன வாரம் என் மகள் கைபேசியை என் முகத்துக்கு நேரே நீட்டினாள். அதில் ஒரு ஜாக்கெட்டின் படம். கழுத்தை மூடிய காலர், மணிக்கட்டு வரை நீண்ட கை, முதுகில் வரிசையாகத் துணிப் பொத்தான்கள்.

"இப்ப சீரியல்ல வர்ற பொண்ணு போடுறதும்மா. டெய்லர் கடையில எல்லாரும் இதத்தான் கேக்குறாங்க. வர்ற கல்யாணத்துக்கு நானும் ஒண்ணு தைக்கக் குடுக்கவா?" என்றாள்.

"நீ பிறக்குறதுக்கு முந்தியே பழங்காநத்தத்துல நாங்க இதப் போட்டுக் கழிச்சாச்சு" என்றேன்.

"நீங்களா?" என்று சிரித்துவிட்டு உள்ளே போய்விட்டாள். எனக்குத்தான் எழுந்திருக்க மனமில்லை. நீங்கள் கண்மூடி இன்னும் ஒரு வருஷம்கூட ஆகவில்லை. அவளிடம் அந்தக் கதையைச் சொல்வதற்கு முன்னால் உங்களிடம் ஒருமுறை பேசிப் பார்த்துவிட வேண்டும் போல இருந்தது.

நீங்கள் அண்ணனைக் கட்டிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தபோது நான் பள்ளிப் படிப்பை முடித்துவிட்டுச் சும்மா இருந்தேன். சோழவந்தான் பக்கம் வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருந்த வீட்டுப் பெண் நீங்கள். டீச்சர் டிரெயினிங் படித்தவர். அண்ணனுக்குக் கப்பலூரில் ஒரு சின்ன பாக்டரியில் வேலை. வந்த கொஞ்ச நாளிலேயே இரண்டு தெரு தள்ளி இருந்த பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு டீச்சராகச் சேர்ந்துவிட்டீர்கள். மாலையில் வாசலில் நின்று போகிறவர்கள் வருகிறவர்களின் சேலையைப் பார்ப்பது உங்களுக்குப் பெரிய பொழுதுபோக்கு. "அந்தப் பச்சைக்கு அந்த ஊதாக் கரை ஒட்டவே இல்ல, பாத்தியா புள்ள?" என்று என் காதில் கிசுகிசுப்பீர்கள். எனக்குப் பஃப் கை வைத்து முதல் ஜாக்கெட் தைக்க வைத்ததும் நீங்கள்தான். நீங்கள் வந்த பிறகுதான் எங்கள் வீட்டுக் கண்ணாடிக்கு வேலை வந்தது.

கல்யாணமான இரண்டாம் வருஷம், ஒரு காலை நேரம், பம்பு ஸ்டவ் வெடித்தது. நான் குழாயடியில் இருந்தேன். அலறல் கேட்டு ஓடி வந்தபோது அம்மா நனைந்த சாக்கை உங்கள் மேல் போட்டு அமுக்கிக்கொண்டிருந்தாள். அம்மாவின் இரண்டு உள்ளங்கையும் வெந்துபோயிருந்தன. அது அவளுக்கே அப்போது தெரியவில்லை.

பெரியாஸ்பத்திரியில் மாதக்கணக்கில் கிடந்தீர்கள். உயிர் தப்பிவிட்டது. ஆனால் வலது கை மணிக்கட்டிலிருந்து தோள் வரைக்கும், கழுத்தில் காதுக்குக் கீழ் வரைக்கும் தோல் சுருங்கி, இழுத்து, வேறு நிறமாகிவிட்டது. ஆறியதும் ஒருநாள் துணிந்து பள்ளிக்கூடம் போனீர்கள். முன்பெஞ்சில் இருந்த ஒரு குழந்தை உங்களைப் பார்த்து வீரிட்டு அழுதது. அதற்கு என்ன தெரியும், பாவம். ஆனால் மறுநாளிலிருந்து நீங்கள் போகவில்லை. யார் சொல்லியும் போகவில்லை.

அதற்குப் பிறகு நீங்கள் வெளியே வரவே இல்லை. மதுரை வெயிலில், வீட்டுக்குள்ளேயே, முந்தானையைத் தோளைச் சுற்றிக் கழுத்து வரை இழுத்துச் செருகிக்கொண்டு இருந்தீர்கள். யாராவது வாசலில் கூப்பிட்டால் உள்ளறைக்குப் போய்விடுவீர்கள். அம்மாவும், "ஆமாத்தா, நீ உள்ள இரு. நான் பாத்துக்கிறேன்" என்பாள். பிரியமாகத்தான் சொன்னாள். ஆனால் நீங்கள் உள்ளே இருக்க இருக்க வெளியே பேச்சு வளர்ந்தது. அந்தக் காலத்தில் மருமகளுக்கு ஸ்டவ் வெடித்தது என்றால் மாமியார்தான் கொளுத்தினாள் என்று ஊர் எடுத்துக்கொள்ளும் என்பது உங்களுக்குத் தெரியாதா? "ஸ்டவ்வு வெடிச்சிருச்சாம்ல" என்று கடைசி எழுத்தை இழுத்துச் சொல்வார்கள். ரேஷன் கடை வரிசையில் அம்மாவுக்கு முன்னும் பின்னும் கொஞ்சம் இடம் விட்டு நிற்பார்கள். அம்மா அதைப் பற்றி ஒரு வார்த்தை வீட்டில் பேசியதில்லை. உங்கள் காதுக்கு அது எட்டவே இல்லை என்றுதான் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம்.

அப்போதுதான் எதிர்வீட்டுக்கு டிவி வந்தது. எங்கள் தெருவுக்கே முதல் டிவி. சௌராஷ்டிரக் குடும்பம்; சரசக்கா வீட்டுக்காரர் ஜவுளி வியாபாரம். மொட்டை மாடியில் ஆண்டெனாவைத் திருப்பிக்கொண்டு ஒருவர், தெருவில் நின்று "தெரியுது, தெரியுது... போச்சு" என்று கத்திக்கொண்டு ஒருவர். சாயங்காலமானால் அந்தக் கூடம் நிரம்பிவிடும். நான் பார்த்துவிட்டு வந்து உங்களுக்குக் கதை சொல்வேன். ஒருநாள் உங்கள் கையைப் பிடித்து இழுத்தேன்.

"விளக்க அமத்திருவாக மதினி. எல்லாரும் டிவியத்தான் பாப்பாக. உங்கள யாரு பாக்கப் போறா?"

கொஞ்ச நேரம் யோசித்தீர்கள். அந்தக் கணக்கு உங்களுக்குப் பிடித்துவிட்டது. எல்லோரும் உட்கார்ந்து நிகழ்ச்சி ஆரம்பித்த பிறகு வந்து கதவோரம் உட்காருவதும், முடிவதற்குச் சற்று முன்பே எழுந்து போவதுமாக நீங்களும் டிவி பார்க்க ஆரம்பித்தீர்கள்.

இந்தித் தொடர் ஒன்று ஓடியது. நமக்கு இந்தி ஒரு சொல் தெரியாது. சரசக்காதான் பேருக்கு மொழிபெயர்ப்பாளர். தன் வீட்டுப் பாஷையும் இந்தியும் அக்கா தங்கச்சி என்று சொல்லிக்கொண்டு, பாதி புரிந்தும் மீதியைத் தானே கட்டியும் கதை சொல்வார். ஒரு வாரம் செத்துப்போனதாகச் சொன்ன மாமனார் அடுத்த வாரம் டீ குடித்துக்கொண்டிருப்பார். "அது அவரோட தம்பி" என்று சரசக்கா அசராமல் சொல்லிவிடுவார். நீங்கள் கதையைக் கேட்கவே இல்லை. அந்தத் தொடரில் வேலைக்குப் போகும் மூத்த மகள் ஒருத்தி வருவாள். கைத்தறிச் சேலை, கழுத்தை மூடிய காலர், மணிக்கட்டு வரை கை. அவள் வரும்போதெல்லாம் நீங்கள் சுவரிலிருந்து முதுகை எடுத்து நிமிர்ந்து உட்காருவீர்கள்.

ஒருநாள் வீட்டுக்கு வந்ததும் கேட்டீர்கள்: "அவ ஜாக்கெட்டப் பாத்தியா? அவ எதையும் மறைக்கிற மாதிரியா இருக்கு? அதுதான் அழகுன்னு போட்டிருக்கா."

மறுநாள் நாம் இருவரும் கோரிப்பாளையத்துக்கு பஸ் ஏறினோம். ஆஸ்பத்திரியில் உங்களுக்கு அடுத்த கட்டிலில் கிடந்த ஒரு வயதான அம்மாளின் மகள் நூர்ஜகான் அக்கா தர்கா பக்கத்துச் சந்தில் தையல் வேலை செய்துவந்தார். அளவெடுக்கும்போது உங்கள் முழங்கையைத் தொட்டதும் நீங்கள் சட்டென்று இழுத்துக்கொண்டீர்கள்.

"வலிக்குதாம்மா?"

"வலியில்லக்கா. துணி உரசுனா எரியும்."

"அப்ப உள்ள மல்துணி வச்சுத் தாரேன். பழசாத் தேடி எடுத்து வைக்கிறேன், அதுதான் மெத்துனு இருக்கும்" என்றார். வேறு எதுவும் கேட்கவில்லை. திரும்பி வரும்போது பஸ் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து, கடைகளில் தொங்கும் சேலைகளுக்கு நீங்கள் பழையபடி மார்க் போட ஆரம்பித்தீர்கள்.

பழுப்பு நிறக் கைத்தறிச் சேலையும் கறுப்பு முழுக்கை ஜாக்கெட்டும் போட்டுக்கொண்டு நீங்கள் கூடத்துக்கு வந்தபோது அண்ணன் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். கவளம் அப்படியே கையில் நின்றது. "என்னங்க, நல்லா இல்லையா?" என்றீர்கள். "கலெக்டரு மாதிரி இருக்க" என்று சொல்லிவிட்டு, கை கழுவும் சாக்கில் கொல்லைப்புறம் போய்விட்டார். போய் வெகுநேரம் வரவில்லை.

தெருவில் இறங்கி நடந்தீர்கள், மதினி. பட்டப்பகலில். முந்தானையை இழுத்துச் செருகாமல். எல்லோரும் பார்த்தார்கள்தான். ஆனால் பார்த்தது ஜாக்கெட்டை. சரசக்கா மகள் ஓடி வந்து, "டீச்சரக்கா, இது டிவியில அந்தப் பொண்ணு போடுறதுதான? எங்க தச்சீங்க?" என்று கேட்டாள். அந்தக் கேள்வியை நீங்கள் எத்தனை நாள் எங்களிடம் சொல்லிச் சொல்லிச் சிரித்தீர்கள்!

அடுத்த மாதமே சரசக்கா மகள் ஒன்று தைத்துக்கொண்டாள். அதைப் பார்த்து மாவு மில்காரர் மகள். அதைப் பார்த்து நானும். சித்திரை வெயிலில் நம் தெருப் பெண்கள் அத்தனை பேரும் கழுத்து வரை பொத்தான் போட்டுக்கொண்டு வேர்த்து ஒழுக நடந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் சரசக்கா மகள் வேர்க்குரு வெடித்து அழுதேவிட்டாள், ஆனாலும் கழற்றவில்லை. பள்ளிக்கூடத்திலும் உங்களை மறுபடி கூப்பிட்டுக்கொண்டார்கள். ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் உங்களைச் சுற்றி நின்று, "டீச்சர், நீங்க டிவில வந்தீகளா?" என்று கேட்டார்களாம். ஒரே மாதிரி உடுத்திய கூட்டத்துக்குள் நீங்களும் ஒருத்தியாகிவிட்டீர்கள். அந்த ஒன்றரை இரண்டு வருஷம் உங்களுக்கு எவ்வளவு நிம்மதி!

அந்தத் தொடர் முடிந்தது. அடுத்து வந்த தொடரில் கதாநாயகி சின்னக் கை ஜாக்கெட் போட்டு, கையில் அகலமான பிளாஸ்டிக் வளையல் அடுக்கியிருந்தாள். நம் தெருவும் ஒரு தீபாவளிக்குள் மாறிவிட்டது. முழுக்கை ஜாக்கெட்டுகளின் கையை வெட்டிப் பாதியாக்கினார்கள். நானும் என்னுடையதை வெட்டினேன். நீங்கள் மட்டும் தனியாக நின்றீர்கள்.

"டீச்சரக்கா, இன்னுமா அந்தப் பழைய மாடல் போடுறீங்க?" என்று அதே சரசக்கா மகள் கேட்டாள். கேலியில்லை, வெகுளியாகத்தான் கேட்டாள். அன்று நீங்கள் வீட்டுக்கு வந்து கண்ணாடி முன்னால் நின்று பார்த்தீர்கள். பிறகு, "டிவிக்காரி மாறிட்டா சாந்தி. எனக்குத்தான் மாறத் தெரியல" என்றீர்கள். நீங்கள் மறுபடி உள்ளறைக்குப் போய்விடுவீர்களோ என்று எங்களுக்குப் பயமாகிவிட்டது.

இரண்டு மாதம் கழித்து என் கல்யாணம். திருமங்கலத்து மாப்பிள்ளை. மண்டபத்தில் மணப்பெண் அறையில் எனக்குப் பூ வைத்துக்கொண்டிருந்தார்கள். கதவைத் திறந்து நீங்கள் வந்தீர்கள். மாம்பழ நிறப் பட்டு. அதற்குத் தோதான அரக்கு ஜாக்கெட். கை, முழங்கைக்கு வெகு மேலே முடிந்துவிட்டது. கழுத்தும் எல்லோரையும் போல இறக்கம்.

அம்மாதான் பதறினாள். "என்னத்தா இது? மாப்பிள்ள வீட்டுக்காரக எல்லாம் வந்திருக்காக. அந்த முழுக்கை எங்க?"

"வேர்க்குது அயித்த" என்றீர்கள். "எம்புட்டு நாளைக்குத்தான் வேர்த்துக்கிட்டே நிக்கிறது?"

அறைக்கு எதிரே நடந்த பந்திக்கு நேராகப் போய், சாம்பார் வாளியைத் தூக்கிப் பரிமாற ஆரம்பித்தீர்கள். மாப்பிள்ளை வீட்டுப் பெரியம்மா ஒருவர் உங்கள் கையையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, எல்லோருக்கும் கேட்கும்படி, "கையில என்னம்மா இது, இம்புட்டுப் பெரிய காயம்?" என்றார். எங்கள் தெருக்காரர்கள் இலையிலிருந்து நிமிர்ந்தார்கள். இத்தனை வருஷமாக அவர்கள் கேட்காமல் வைத்திருந்த கேள்வி அது.

நீங்கள் சாம்பார் வாளியைக் கீழே வைத்தீர்கள்.

"ஸ்டவ்வு வெடிச்சிருச்சுங்க. பர்னரு அடைச்சிருந்தது தெரியாம நாந்தான் பம்பு அடிச்சேன். எங்க அயித்த மட்டும் ஈரச்சாக்கோட ஓடி வரலைன்னா இன்னைக்கு நான் இங்க நிக்க மாட்டேன். அவுக உள்ளங்கையப் பாருங்க, அதுவும் வெந்ததுதான். அத யாரும் பாத்ததில்ல."

வகுப்பில் பேசுகிற குரல் அது. கடைசி வரிசை வரைக்கும் கேட்டது. பெரியம்மா, "அட ஆத்தே" என்று எழுந்து வந்து அம்மாவின் கையை விரித்துப் பார்த்தார். நம் தெருப் பெண்கள் ஒவ்வொருவராக வந்து பார்த்தார்கள். அம்மா அழுதாள். ஆஸ்பத்திரியில்கூட அழாதவள். ரேஷன் கடை வரிசையில் என்ன நடந்தது என்பது உங்களுக்கு முதலிலிருந்தே தெரிந்திருக்கிறது என்று அன்றைக்குத்தான் எங்களுக்குப் புரிந்தது.

பிறகு நான் தனியாகக் கேட்டேன், "எப்படி மதினி அம்புட்டுப் பேரு முன்னால சொன்னீங்க?" என்று. "கேட்டாக, சொன்னேன். சொன்னதும் அவுகளுக்கும் வேல முடிஞ்சுது, எனக்கும் முடிஞ்சுது" என்றீர்கள். அதற்குப் பிறகு முழுக்கையும் போட்டீர்கள், அரைக்கையும் போட்டீர்கள். சேலைக்கு எது பொருந்துகிறதோ அது. ஓய்வு பெறும்வரை அதே பள்ளிக்கூடத்தில்தான் இருந்தீர்கள்.

நீங்கள் போன பிறகு நடந்த ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். என் மகள் புருஷனை விட்டுவிட்டு வந்துவிட்டாள், மதினி. வந்த புதிதில் அறையைவிட்டு வெளியே வரவே மாட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சொந்தக்காரர்கள் வந்திருந்தார்கள். "பொண்ணு வந்திருக்கா போலயே, லீவா?" என்று கேட்டார்கள். ஆமாம், ஆபீஸ் லீவு என்று சொல்ல வாயெடுத்தேன். அந்த நேரம் உங்கள் குரல் எனக்குள் எழுந்து வந்தது.

"லீவு இல்ல. அவளுக்கு அங்க ஒத்து வரல, வந்துட்டா. இனிமே இங்கதான் இருப்பா" என்றேன்.

வந்தவர்களில் ஒருவர், "நல்லதுதான், பிள்ள நல்லா இருந்தாச் சரி" என்றார். நான் காபி கலக்க எழுந்தேன். தம்ளர்களை எடுத்துவரத் திரும்பியபோது அறைக்கதவு திறந்திருந்தது. அவள் வெளியே வந்து, அவர்களுக்கு நடுவில் இருந்த நாற்காலியில் உட்கார்ந்து, "எனக்குச் சீனி கம்மியாம்மா" என்றாள்.

உங்கள்,
சாந்தி