ஐந்துக்கு ஐந்தில் நின்ற ஆட்டம்

கீழ்ப்பக்கம் நின்றே என்னைத் திணறடித்த என் மாப்பிள்ளை ராசுவுக்கு,

மதுரையில் இந்த வருஷமும் நான்தான் ஜெயித்தேன். மாலை போட்டார்கள். ஒரு பத்திரிகைக்காரர் வந்து, டென்னிஸில் ஆட்டம் இழுபறியாகும் நேரத்தில் மனசை எப்படி வைத்துக்கொள்வீர்கள் என்று கேட்டார். பயிற்சி, மூச்சு, நிதானம் என்று வாய்க்கு வந்ததை அளந்துவிட்டேன். நீ பக்கத்தில் இருந்திருந்தால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்திருப்பாய்.

உண்மையை உன்னிடம்தானே சொல்ல முடியும்? ஆட்டம் ஐந்துக்கு ஐந்து என்று வந்துவிட்டால், எதிரே யார் நின்றாலும் எனக்கு நீதான் தெரிகிறாய். கைலியைத் தூக்கிக் கட்டி, அதிலேயே கையைத் துடைத்துக்கொண்டு, மஞ்சுமூட்டத்துக்குள் கண்ணைச் சுருக்கிப் பார்க்கிறாய். உன்னிடம் தோற்கக்கூடாது என்றே ஆடுகிறேன். ஜெயித்து முடித்துக் கைகொடுக்கப் போனால் அங்கே வேறு யாரோ நிற்கிறார்கள். அந்த நொடி ஒவ்வொரு தடவையும் என்னைக் கொன்றுபோடுகிறது.

குரங்கணிக்கு மேலே நம் தோட்டத்துக் காப்பிக் களம் அப்படியேதான் இருக்கிறது. மழைத்தண்ணீர் வடியட்டும் என்று கொத்தனார் சரிவாகப் போட்ட சிமெண்டுத் தரை. காப்பி காயாத மாதங்களில் சாக்குகளைத் தைத்து நடுவில் கட்டி, அதை நாம் மைதானமாக்கிக்கொண்டோம். போன வாரம் தோற்றவன் இந்த வாரம் கீழ்ப்பக்கம் நிற்க வேண்டும் என்பது நம் சட்டம். தாண்டிப் போகிற பந்தை ஏலச்செடிக்குள் இறங்கி, அட்டைக்கடி வாங்கி, எடுத்துவருவதும் அவன் பாடு. சரிவில் பந்து வழுக்கிக்கொண்டு வருவதால் கீழே நிற்பவனே மறுபடியும் தோற்பான். அதனால் முக்கால்வாசி நாள் நீதான் கீழே நின்றாய். நியாயம் கெட்ட சட்டம்தான், ஆனால் அதை மாற்றச் சொல்லி நீ ஒருநாளும் கேட்டதில்லை.

முதல் தடவை மதுரைக்குப் போய்ச் சமதரையில் ஆடிய கூத்தை நினைத்துக்கொள்கிறேன். மேலே நின்று பழகிய என் பந்தெல்லாம் வலையில் விழுந்தது. கீழே நின்று பழகிய உன் பந்தெல்லாம் கோட்டைத் தாண்டிப் போனது. முதல் சுற்றிலேயே இருவரும் வெளியே வந்து, பஸ்சில் போடி வரைக்கும் சிரித்துக்கொண்டே வந்தோம். அன்றைக்குத் தோற்றதில் இருந்த சந்தோஷம் இத்தனை கோப்பையில் ஒன்றிலாவது கிடைத்ததா?

பிறகு அந்தக் கடைசி ஞாயிற்றுக்கிழமை. கீழே நின்றுகொண்டே ஐந்துக்கு ஐந்து கொண்டுவந்துவிட்டாய். அதற்குள் மஞ்சு இறங்கிவிட்டது. நீதான் சொன்னாய்:

"பந்து தெரியல மச்சான். மிச்சத்த அடுத்த வாரம் வச்சுக்கிருவோம்."

அந்த வாரமே நீ ஏலக்காய் லோடு ஏற்றிக்கொண்டு போடிக்கு இறங்கிய ஜீப்பு, மழையில் வளைவு திரும்பாமல் உருண்டது. மழை விட்டதும் போயிருக்கக் கூடாதா மாப்ளே? உனக்கு அப்படி என்ன அவசரம்?

உன்னைக் கட்டிய என் தங்கச்சி செல்விதான் இப்போது தோட்டத்தைப் பார்க்கிறாள். போன வாரம் கோப்பையோடு போனேன். அவள் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய உன் மட்டையை எடுத்துக்கொண்டு களத்துக்கு நடந்தாள். ஒருநாளும் பந்தைத் தொடாதவள், நேராகப் போய்க் கீழ்ப்பக்கம் நின்றுகொண்டாள்.

"மிச்ச ஆட்டத்த ஆடுண்ணே. அது முடியாமக் கெடக்குறது எனக்கு என்னமோ மாதிரி இருக்கு."

வேண்டாம் என்று எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். கேட்கவில்லை. சரியென்று மெல்ல ஒரு பந்தைத் தட்டிவிட்டேன். அதைக் காலால் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள்.

"விட்டுக் குடுக்காத. அவுகளுக்குப் பிடிக்காது."

உனக்கு அடிப்பது போலவே அடுத்த பந்தை அடித்தேன். அவளைத் தாண்டிப் போய் ஏலச்செடிக்குள் விழுந்தது. சட்டப்படி அவள் இறங்கினாள். இறங்கியவள் வெகுநேரம் மேலே வரவில்லை. பிறகு அழுகைச் சத்தம் கேட்டது. உன்னைத் தூக்கிப்போன அன்றுகூட ஊர் பார்க்க அழாதவள் அவள். மட்டையைப் போட்டுவிட்டு நானும் இறங்கினேன். அண்ணனும் தங்கச்சியும் அந்த ஈரத்தில் உட்கார்ந்து அழுது தீர்த்தோம். பந்து கிடைக்கவில்லை.

அந்த ஆட்டம் ஐந்துக்கு ஐந்தாகவே இருக்கட்டும், மாப்ளே. உயிர் உள்ளவரை செல்வியைத் தனியாக விடமாட்டேன். அப்புறம் உன்னிடம் வருவேன். வந்ததும் கீழ்ப்பக்கம் நான் நின்றுகொள்கிறேன். தாண்டிப் போகிற பந்தையெல்லாம் நானே இறங்கி எடுத்து வருகிறேன். நீ மேலே நின்று அடி. விட்டுக் கொடுக்காதே.

மேல்பக்கம் ஒத்தையாக நிற்கும்
உன் மச்சான்