கேட்பதை நிறுத்தியவன்

பிப்ரவரி 10

ஹேமாவதி தேனிக்கே வந்துவிட்டாள். மாவட்டக் காவல் அலுவலகத்தில் மொழித் தடயவியல் ஆலோசகர். தனி அறை, ஏசி, மேசைமேல் பெயர்ப்பலகை.

இதே வேலையை நான் ஆறு வருடமாக, கல்லூரியில் பாடம் முடித்துவிட்டு, சம்பளமில்லாமல் ஸ்கூட்டியில் போய்ச் செய்துகொண்டிருக்கிறேன். மிரட்டல் கடிதமோ வாட்ஸ்அப் குரல் பதிவோ எது வந்தாலும் ‘மாரீஸ்வரி மேடத்தக் கூப்பிடு’ என்பார்கள். சும்மா மிரட்டுகிறானா, உண்மையிலேயே செய்துவிடுவானா என்று அவன் பேச்சை வைத்துச் சொல்வேன். எனக்கு அங்கே ஒரு பிளாஸ்டிக் நாற்காலி உண்டு. அவ்வளவுதான்.

மதுரையில் எம்.ஏ. இரண்டு பேரும் ஒரே வகுப்பு. அவள் மேற்படிப்புக்கு குஜராத் போனாள். நான் கல்யாணம் பண்ணிக்கொண்டு தேனிக்கு வந்தேன். யாரும் என்னைக் கட்டி இழுத்து வரவில்லை. ஆனாலும் வயிறு எரிகிறது. எழுதிவிட்டேன். எரிகிறது.

பிப்ரவரி 12

இன்று அவள் கட்டியிருந்த சேலை நன்றாக இருந்தது. சொல்லவில்லை.

பிப்ரவரி 18

இன்ஸ்பெக்டர் சுந்தரலிங்கம் டீ வாங்கிக் கொடுத்துக்கொண்டே, “ஹேமா மேடம் உங்க பழைய ரிப்போர்ட்டெல்லாம் எடுத்துப் படிச்சாக. ரொம்ப நல்லாருக்குன்னு சொன்னாக” என்றார். என்னைக் குளிர வைக்கிறாராம். அவள் யார் எனக்கு மார்க் போட?

வீட்டுக்கு வந்து புலம்பினேன். சுரேஷ்கண்ணன் சட்டினியைத் தொட்டபடி, “இன்னைக்கும் ஹேமா புராணந்தானா? நேத்து விட்ட எடத்துலருந்து ஆரம்பி” என்றார். கட்டிய புருஷனே இப்படி!

இந்த நாட்குறிப்பையே ஒரு வழக்காக எடுத்துக்கொண்டு படித்துப் பார்த்தேன். பக்கத்துக்குப் பக்கம் அவள், அவள், அவள். எழுதியவருக்குக் கோபம் அதிகம், தைரியம் குறைவு. ஆபத்தில்லை.

பிப்ரவரி 25

ஒரு வழக்கு வந்திருக்கிறது. மலையம்மாள், முப்பது வயது இருக்கும், கம்பத்தில் தையல் கம்பெனியில் வேலை. புருஷன் சுருளிராஜனுக்குச் சுருளிப்பட்டியில் திராட்சைத் தோட்டம். அடி தாங்காமல் மகளைத் தூக்கிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்துவிட்டாள். விவாகரத்துக்கு மனு போட்டிருக்கிறாள். அன்றிலிருந்து அவன் அவள் போனுக்குக் குரல் பதிவாக அனுப்பித் தள்ளுகிறான்.

“ராத்திரி பகல்னு இல்லக்கா, போன் ஆடுனாலே எனக்கு ஒடம்பு ஆடுது” என்றாள். சிரிக்கவும் முயன்றாள்.

எல்லாவற்றையும் வரிசையாகக் கேட்டேன். முதலில் கெஞ்சல். “வந்துரு ஆத்தா, பிள்ளையக் கூட்டிட்டு வந்துரு.” பிறகு கத்தல். “கேச வாபஸ் வாங்கு, இல்ல வெட்டிப் போட்டுருவேன்.” அப்புறம், “காளி கோயில்ல காசு வெட்டிப் போட்டுட்டேன். இனி ஆத்தா பாத்துக்கிருவா.” மூன்று நாள் கழித்துக் கடைசிப் பதிவு. குரல் தணிந்திருக்கிறது. “மலை, சாப்பிட்டியா? பந்தல்ல இந்தத் தடவ கவாத்து எடுக்குறதத் தம்பியப் பாத்துக்கிரச் சொல்லிட்டேன். ஒம் மேல எனக்கு ஒண்ணும் கோவம் இல்ல.”

எனக்கு நிம்மதியாக இருந்தது. காசை வெட்டிப் போட்டுவிட்டான் என்றால் பகையைச் சாமி கையில் கொடுத்துவிட்டான் என்று அர்த்தம். இந்தப் பள்ளத்தாக்கில் எத்தனை பேர் அப்படிப் போட்டுவிட்டு வீட்டுக்குப் போய்த் தூங்கியிருக்கிறார்கள்.

பிப்ரவரி 27

இன்று கூட்டம். நான் சொன்னேன்: ஆபத்து குறைவு, கோபம் ஆறிவிட்டது, காசு வெட்டியாகிவிட்டது.

ஹேமாவதி தலையை ஆட்டினாள். “கோபமா இருந்த வரைக்கும் அவன் ஏதாவது கேட்டுக்கிட்டே இருந்தான் மாரி. வா, பிள்ளையக் குடு, கேச வாபஸ் வாங்கு. கடைசில எதையும் கேக்கல. தோட்டத்தையும் தம்பிகிட்ட விட்டுட்டான். இவனுக்கு இனிமே யார்கிட்டயும் எதுவும் வேண்டாம். எனக்குப் பயமா இருக்கு.”

இன்ஸ்பெக்டர் என்னைப் பார்த்தார். “அவுக ஒண்ணு சொல்றாக, நீங்க ஒண்ணு சொல்றீக. நம்ம ஊரு வழக்கம் உங்களுக்குத்தான் தெரியும் மேடம்.”

“அவுங்க ரொம்ப வருஷம் வெளியூர்ல இருந்துட்டாங்க சார்” என்றேன். சிரித்துக்கொண்டே சொன்னேன். ஹேமாவின் முகம் சுண்டிப்போனது.

காவல் எதுவும் வேண்டாம், எச்சரித்து விட்டால் போதும் என்று முடிவாயிற்று. வரும் வழியில் இரண்டு முழம் மல்லிகை வாங்கி வைத்துக்கொண்டேன். எந்த விசேஷமும் இல்லை.

மார்ச் 1

இன்றைக்கும் சந்தோஷமாகத்தான் இருக்கிறது.

மார்ச் 2, ஞாயிறு

கம்பத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். பந்தியில் என் பக்கத்தில் அம்மா. எதிரில் மாயக்காள் சித்தி. சித்தி அப்பளத்தை நீட்டி, “அக்காவுக்குக் குடும்மா” என்றாள். அம்மா இலையைப் பார்த்தபடியே இருந்தாள். “வாங்கிக்கயேம்மா” என்றேன். “காசு வெட்டிருக்கேன்ல” என்றாள் என்னிடம், அவ்வளவுதான், திரும்பச் சாப்பிட ஆரம்பித்துவிட்டாள். நிலத் தகராறில் அம்மா காசு வெட்டியது நான் பள்ளிக்கூடத்தில் படித்தபோது. அன்றிலிருந்து சித்தியிடம் ஒரு வார்த்தை இல்லை. தாத்தா செத்த வீட்டில்கூட இல்லை.

அப்பளத்தை என் இலையிலேயே வைத்தேன்.

காசு வெட்டிப் போட்டவர் அந்த ஆளிடம் பேசக் கூடாது. பேசினால் சாமியிடம் கொடுத்த வழக்கை வாபஸ் வாங்கியதாக அர்த்தம். இதைச் சின்ன வயதிலிருந்து பார்த்துக்கொண்டிருக்கிறேன். சுருளிராஜன் பேசிவிட்டான். ‘சாப்பிட்டியா’ என்று கேட்டுவிட்டான். சாமி கையில் இருந்ததைத் திரும்ப வாங்கிவிட்டான். சமாதானத்துக்கு என்றால் ‘வந்துரு’ என்று கூப்பிட்டிருப்பான். தன் கையால் முடிக்கத்தான் வாங்கியிருக்கிறான்.

எப்படி விட்டேன் இதை? தெரியாமலா விட்டேன்? ஹேமா ‘ஆபத்து’ என்று சொன்ன அந்த நிமிஷமே எனக்கு ‘ஆபத்தில்லை’ என்பது சத்தியமாகிவிட்டது. அதுக்கப்புறம் நான் எங்க யோசிச்சேன்?

அப்படியும் உடனே போன் பண்ணவில்லை. பாயசம் குடித்தேன். மொய் எழுதினேன். பஸ் ஏறினேன். நாளைக்குச் சொல்லலாம், நேரில் சொல்லலாம், இன்ஸ்பெக்டரிடம் மட்டும் சொல்லலாம், அவளுக்குத் தெரியவே வேண்டாம் — இப்படியே உத்தமபாளையம் தாண்டிவிட்டது. ஜன்னலுக்கு வெளியே ஒரு பெண், பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ரோட்டைக் கடந்தாள். அடச்சீ, என்ன பொம்பள நான்!

ஹேமாவுக்குத்தான் போட்டேன். “நீ சொன்னதுதான் சரி. நான் தப்பு” என்றேன். காசு விஷயத்தைச் சொன்னேன். “இது எனக்குத் தெரியாது மாரி. இது தெரிஞ்சிருந்தா அன்னைக்கு விட்டிருக்கவே மாட்டேன். வை, நான் சாருக்குப் போடுறேன்” என்றாள்.

அந்த நேரத்திலும், அவளுக்குத் தெரியாத ஒன்று எனக்குத் தெரிந்திருக்கிறது என்று உள்ளுக்குள் ஒரு குதி குதித்தேன். இருட்டும் முன்பே மலையம்மாளையும் பிள்ளையையும் வேறு இடத்துக்குக் கொண்டுபோய்விட்டார்கள்.

மார்ச் 3

சுருளிராஜன் பிடிபட்டான். காலையில் தையல் கம்பெனிக்கு மலையம்மாள் குறுக்கே நடந்து போகும் வாழைத்தோப்புப் பாதையில் உட்கார்ந்திருந்தானாம். சாக்கில் சுற்றிய அரிவாள். புதுசு.

எழுத முடியவில்லை.

மார்ச் 6

இன்ஸ்பெக்டர் சொன்னார். அவன் ஓடவில்லை, அரிவாளைக் கேட்டதும் கொடுத்துவிட்டான். ஜீப்பில் ஏறிய பிறகு ஒன்றே ஒன்றுதான் கேட்டிருக்கிறான்.

“நான் யாருகிட்டயும் சொல்லலயே சார். எப்பிடித் தெரிஞ்சிச்சு?”

சொன்னான். மலையம்மாளிடமே சொன்னான். எங்கள் இரண்டு பேர் காதிலும் விழுந்தது. ஒருத்தி கேட்டாள். இன்னொருத்தி மல்லிகை வாங்கப் போனாள்.

மார்ச் 20

ஹேமாவதிக்கு மாவட்ட அலுவலகத்தில் பாராட்டுச் சான்றிதழ். கைதட்டினேன். மற்றவர்களைவிடக் கொஞ்சம் அதிக நேரம் தட்டினேன், என் வயிற்றெரிச்சலை யாரும் கவனித்துவிடக் கூடாதே என்று.

பிறகு அவள் அனுப்பிய அறிக்கையின் நகலை வாங்கிப் படித்தேன். காசு வெட்டுகிற வழக்கத்துக்கு ஒரு முழுப் பக்கம். ‘இந்தக் கண்டுபிடிப்பு பேராசிரியர் மாரீஸ்வரியுடையது, இது இல்லாமல் நடவடிக்கை எடுத்திருக்க முடியாது’ என்று எழுதியிருக்கிறாள். பாராட்டினவர்கள் அந்தப் பக்கம் வரை போகவில்லை போலிருக்கிறது. நான் முதலில் அதை எப்படிக் கோட்டை விட்டேன் என்பதைப் பற்றி ஒரு எழுத்து இல்லை.

நல்லவளாகவும் இருக்கிறாள். அதைத்தான் தாங்க முடியவில்லை.

ஏப்ரல் 4

பிளாஸ்டிக் நாற்காலியை அவள் அறைக்குள் போடச் சொல்லியிருக்கிறாள். ஏசி என் தலைக்கு நேராக அடிக்கிறது. புகார் சொல்ல ஒரு விஷயம் கிடைத்தது.

ஏப்ரல் 27

மலையம்மாளிடமிருந்து குரல் பதிவு.

“அக்கா, நல்லாருக்கீகளா? கேசு ஜூன் மாசத்துக்குத் தள்ளிப் போயிருக்கு. கம்பெனில என்னையச் சூப்பர்வைசர் ஆக்குறேன்னு சொல்றாக, பாப்போம். மகளுக்கு ஸ்கூல்ல எடம் கேட்டிருக்கேன். வீரபாண்டித் திருவிழாவுக்கு நான் அக்கினிச் சட்டி எடுக்குறேன்க்கா, நீங்க கட்டாயம் வரணும். ஹேமா அக்காவையும் கூட்டிட்டு வாங்க. அவுக நம்பரு எங்கிட்ட இல்ல.”

தொழில் புத்தி, இரண்டு முறை கேட்டேன். ஜூன் மாசம், சூப்பர்வைசர், ஸ்கூல், திருவிழா. அவளுக்கு இன்னும் எத்தனையோ வேண்டியிருக்கிறது. கண் கலங்கிவிட்டது.

நம்பர் இல்லை என்ற இடத்தில் ஒரு அற்ப சந்தோஷமும் வந்தது. சொல்லாமல் விட்டால் நான் மட்டும் போகலாம். எனக்கு மட்டும் நன்றி சொல்வாள். பாத்திரம் கழுவி முடிக்கிற வரை அந்த நினைப்போடு இருந்தேன்.

அப்புறம் கையைத் துடைத்துக்கொண்டு பதிவை அப்படியே ஹேமாவுக்கு அனுப்பினேன். மலையம்மாளுக்குப் பதில் போட்டேன்: “ரெண்டு பேரும் வர்றோம்.”