முந்நூறு கிராம்

காரைக்குடி
மாசி 18, திங்கட்கிழமை

அன்பு மகள் பிரியாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நாங்கள் நாலு பேரும் சுகம், உன் தம்பி சேவுகனுக்கு மட்டும் முழங்காலில் சிராய்ப்பு, அதுவும் காய்ந்துவிட்டது. டப்ளினில் குளிர் குறைந்ததா, நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா என்று கேட்டால் நீ போனில் சொல்லும் பதிலை நான் பாதிதான் நம்புகிறேன், மீதியை நேரில் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன். நேமத்தான்பட்டி மெய்யம்மை ஆச்சியின் மகன் புதன்கிழமை அங்கே கிளம்புகிறார், அவர் கையில் பருப்புப்பொடியோடு இந்தக் கடிதத்தையும் கொடுத்தனுப்புகிறேன். சனிக்கிழமை வீடியோ காலில் தீக்ஷா துப்பட்டாவைத் தலையைச் சுற்றிப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாளே, ஏன் என்று நீ கேட்டதற்குச் சளி என்றேன். சளி இல்லை. அவளே போனில் முந்திக்கொண்டு சொல்லிவிடுவாள், ஆனால் உன் தங்கை சொல்லும் கதையில் ஒவ்வொரு முறையும் ஏதாவது கூடிவிடும், நடந்தது நடந்தபடி ஓரிடத்தில் இருக்கட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

சனி காலை கோட்டையூர் மைதானத்தில் தீக்ஷாவுக்கு மாவட்டக் கபடி அணித் தேர்வு, அன்று மாலை சேவுகன் பள்ளி ஆண்டு விழா, ஞாயிறு காலை அவனுக்கு விளையாட்டு விழா, மாலை மறுபடி கோட்டையூரில் அணி அறிவிப்பும் பரிசளிப்பும். உன் அப்பா வெள்ளிக்கிழமையே எல்லாவற்றுக்கும் நேரம் போட்டு ஒரு தாளை ஃபிரிட்ஜில் ஒட்டினார், சனிக்கிழமை எட்டரை மணிக்கே அது ஒன்றுக்கும் உதவாமல் போய்விட்டது. தீக்ஷாவுக்கு அடுத்த வருஷம் பத்தாம் வகுப்பு, அதனால் இந்தத் தேர்வில் பெயர் வந்தால் தொடரலாம், வராவிட்டால் கபடியை இதோடு விட்டுவிட வேண்டும் என்று நான் சொல்லியிருந்தேன், அவளும் ஒப்புக்கொண்டிருந்தாள். வராது என்றே நினைத்தேன். முப்பத்தெட்டுப் பெண்களில் பன்னிரண்டு பேரைத்தான் எடுப்பார்கள், அதிலும் யார் யாருக்கு வேண்டியவர் என்பதெல்லாம் இருக்கும் என்பது என் கணிப்பு. வராமல் போனால் எனக்குக் கொஞ்சம் நிம்மதி என்பதையும் உன்னிடம் மறைக்கவில்லை.

அவள் வயதுப் பிரிவில் ஐம்பத்தைந்து கிலோவுக்கு ஒரு கிராம் கூடினாலும் களத்தில் இறங்க விடமாட்டார்கள். காலையில் நம் வீட்டு எடை மிஷினில் ஐம்பத்து நாலரை காட்டியது, நானும் தைரியமாகக் கிளம்பினேன். அழகி அத்தை கையால் திருநீறு வாங்காமல் நம் வீட்டுப் பிள்ளைகள் எந்தக் காரியத்துக்கும் போனதில்லை என்பது உனக்குத் தெரியும், விசா இன்டர்வியூவுக்கு நீ போனதே அப்படித்தான். அத்தை வீடு மைதானத்துக்கு இரண்டு தெரு தள்ளித்தானே. போய் நின்றால் இட்லி, கறிக்குழம்பு, இனிப்புக்குக் கவுனி அரிசி என்று இலையே போட்டாகிவிட்டது. மதினி, எடை பார்த்துட்டு வந்து சாப்பிடட்டும், இப்ப வைக்காதீக என்றேன். போட்டிக்குப் போற பிள்ளைய வெறும் வயித்தோட அனுப்பி அவ மயங்கி விழுந்தா ஊரு என்னையத்தான் கேக்கும், எடை பாக்க அவ என்ன நெல்லு மூடையா என்று அத்தை அதட்டினார். அரைக் கிலோ இடம் இருக்கிறதே என்று நான் வாயை மூடிக்கொண்டேன், தீக்ஷா ஐந்து இட்லியும் இரண்டு கரண்டி கவுனி அரிசியும் சாப்பிட்டாள்.

மைதானத்து மிஷினில் ஐம்பத்தைந்து கிலோ முந்நூறு கிராம். ஒரு கருவியை இன்னொன்றோடு ஒப்பிட்டுப் பார்க்காமல் நம்பாதே என்று வருஷா வருஷம் பி.எஸ்ஸி. முதலாண்டுப் பிள்ளைகளுக்கு இயற்பியல் ஆய்வகத்தில் பாடம் எடுக்கிறவள் நான், என் வீட்டு மிஷினை மட்டும் நம்பியிருக்கிறேன். அவள் பயிற்சியாளர் முத்தரசு ஓடி வந்து, ஒம்பது மணிக்கு மிஷினை எடுத்து வச்சிருவாக மேடம், அதுக்குள்ள எறக்குங்க என்றார். கொலுசு, வளையல், தோடு எல்லாம் கழற்றினோம், மேல்சட்டைக்கு மேல் சட்டை போட்டு மைதானத்தை எட்டுச் சுற்று ஓடினாள், வாய் கொப்பளித்தாள், வேறென்னவெல்லாமோ செய்தாள். ஒன்பதுக்குப் பத்து நிமிஷம் இருக்கும்போது இன்னும் நூற்றிருபது கிராம் கூடுதல். முத்தரசு மெதுவாக, விடுங்க மேடம், அடுத்த வருஷம் பாத்துக்குவோம் என்றார். தீக்ஷா அவரைப் பார்க்கவில்லை, என்னைப் பார்த்துக்கொண்டே, அடுத்த வருஷம் கிடையாது சார், இதோட முடிஞ்சது என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லி வீட்டுக்கு அழைத்துப் போயிருப்பேன். நான் போட்ட நிபந்தனை, நான் விரும்பிய முடிவு, அதை ஒரு தராசு எனக்காகச் செய்து கொடுக்கிறது, அந்தப் பிள்ளை ஒரு முறை கூடக் களத்தில் இறங்காமல். அது எனக்குச் சரியாகப் படவில்லை.

அன்று காலை தலைக்கு ஊற்றியிருந்தாள், இடுப்புக்குக் கீழே தொங்குகிற சடை, உள்ளே பாதி ஈரம். முதலுதவிப் பெட்டியில் கத்தரிக்கோல் இருந்தது. எடுத்துவிட்டேன், ஆனால் வெட்டக் கை போகவில்லை, ஏனென்றால் அந்த முடி உன் பெயரில் இருக்கிறது. நீ விமானம் ஏறிய அன்று, நீ நல்லபடியாகத் திரும்பி வந்ததும் தீக்ஷாவின் முடியைக் குலதெய்வத்துக்கு இறக்குவதாக அத்தை நேர்ந்துகொண்டதும், அதுவரை நுனி கூட வெட்டக்கூடாது என்று சொன்னதும் உனக்கு நினைவிருக்கும். எனக்கு இதிலெல்லாம் நம்பிக்கை இல்லை, இருந்தாலும் இன்னொருவரின் வேண்டுதல் மேல் கத்தரி வைக்க எனக்கு என்ன உரிமை. அந்த நேரம் பார்த்து அத்தை ஒரு தூக்குச்சட்டியில் மோரோடு வந்து சேர்ந்தார். விஷயத்தைச் சொன்னேன். சட்டியைக் கீழே வைத்துவிட்டுச் சடையைக் கையில் வாங்கி ஒரு தரம் தூக்கிப் பார்த்தார். சாமிக்கு முடி வந்து சேரணும்னுதான் நேர்ந்தேன், அது தலையோட வரணும்னு சொல்லலையே, சாமிக்கு நான் பதில் சொல்லிக்கிறேன், நீ வெட்டு லேகா என்றார். நான் தயங்குவதைப் பார்த்து, அஞ்சு இட்லிய வச்சவ நான், எனக்கு இல்லாத பயம் உனக்கு எதுக்கு, கையி நடுங்காம வெட்டு என்று தானே சடையை இழுத்துப் பிடித்துக்கொண்டார். கழுத்தோடு வெட்டினேன். ஐம்பத்து நாலு கிலோ தொள்ளாயிரத்து அறுபது. எடை எழுதுகிற பெண்மணி எங்கள் மூன்று பேரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு எண்ணைக் குறித்துக்கொண்டார். அத்தை சடையை மஞ்சப்பையில் சுருட்டி வைத்துக்கொண்டு வெயிலில் மூன்று மணி வரை உட்கார்ந்து ஆட்டத்தைப் பார்த்தார், எதிரணிப் பெண்கள் நம்மவளைப் பிடிக்கும்போதெல்லாம் அடியே விடுங்கடி என்று கத்தியது உன் அப்பாவுக்குக் காரைக்குடி வரை கேட்டிருக்கும்.

சாயங்காலம் சேவுகன் நாடகத்தில் மேகமாக வந்தான். விவசாயியாக நடித்த பையனுக்கு வசனம் மறந்துவிட்டது, நம் மேகமே அவன் வசனத்தையும் பேசிவிட்டு மழையையும் பெய்தது, கூட்டத்தில் நல்ல கைதட்டல். அங்கே தீக்ஷாவின் தலையைப் பார்த்தவர்கள் எல்லாம் பழனிக்குப் போயிட்டு வந்தீகளா என்று கேட்டார்கள், இல்லத்தா, கோட்டையூர் வரைக்குந்தான் போனோம் என்று அத்தை சளைக்காமல் பதில் சொன்னார். ஞாயிறு காலை சாக்கு ஓட்டத்தில் சேவுகன் விழுந்ததுதான் அந்தச் சிராய்ப்பு. பரிசு அதற்கில்லை, ஒரு நாள் கூட லீவு போடாததற்காக ஒரு எவர்சில்வர் தட்டு கொடுத்தார்கள், இரண்டு வேளையாக அதில்தான் சாப்பாடு. கோட்டையூரில் அணியின் பெயர்களை வாசிக்கும்போதும் அதைத் தட்டிக்கொண்டே இருந்தான், அதனால் எனக்குச் சரியாகக் கேட்கவில்லை, உன் அப்பா என் கையை அழுத்திப் பிடித்தபோதுதான் நாலாவது பெயர் நம்முடையது என்று தெரிந்தது. அந்தப் பன்னிரண்டு பேரில் யாருக்கும் வேண்டியவர்கள் என்று எனக்குத் தெரிந்து ஒருவரும் இல்லை, நான் முன்னால் நினைத்தது தப்பு, அதையும் எழுதிவிடுவதுதான் நியாயம். அவளிடம் அன்று இரண்டே வார்த்தைதான் சொன்னேன், தொடர்ந்து ஆடு என்று. அதற்கே ஒரு மாதிரியாகப் பார்த்தாள். பத்தாம் வகுப்பை என்ன செய்வது என்று இனிமேல்தான் யோசிக்க வேண்டும், நீயும் யோசி, கணக்குக்கு வாரம் ஒரு மணி நேரம் நீ வீடியோவில் சொல்லிக்கொடுத்தால் நன்றாக இருக்கும்.

கோயிலுக்கு முடியைக் கொண்டுபோவதை நீ வந்த பிறகு வைத்துக்கொள்ளலாம் என்று அத்தை சொல்லிவிட்டார். இனி முக்கியமான விஷயம். மாநிலப் போட்டி திண்டுக்கல்லில் மே எட்டு, ஒன்பது, பத்து. நீ திருச்சியில் இறங்குவது ஒன்பதாம் தேதி காலை. உன்னை அழைக்க விமான நிலையத்துக்கு யாரும் வரமாட்டோம், வீடும் பூட்டியிருக்கும், அத்தையும் எங்களோடு வருகிறார். பெட்டியோடு நேராகத் திண்டுக்கல் பஸ் ஏறு. வெயில் கடுமையாக இருக்கும், பருத்தித் துணி போட்டுக்கொள். எல்லா நலமும் பெற்று நன்றாக இரு, உடம்பைப் பார்த்துக்கொள். மைதானத்தில் எங்களைக் கண்டுபிடிப்பது கஷ்டமில்லை, அத்தையின் சத்தம் வரும் பக்கமாக வா, உனக்கும் ஓர் இடம் பிடித்து வைத்திருப்பேன்.

அன்புடன்
உன் அம்மா
சந்திரலேகா தங்கச்சாமி