லாவெண்டருக்குத் தமிழ் தெரியாது

என்னைவிட அந்தச் செடியைத்தான் நீ அதிகம் நேசித்தாய், அம்மா. நடந்ததை எழுதுகிறேன்.

இன்று காலை பின்கட்டில் துணி காயப்போடும்போது லாவெண்டர் இலை கையில் உரசிவிட்டது. கற்பூரமும் சவுக்காரமும் கலந்தாற்போல் ஒரு வாடை. மற்றப் பிள்ளைகளுக்கு அம்மா என்றால் தாளிப்பு வாசம். வெள்ளைக்காரத் துரையின் பங்களாவில் வேலை முடிந்து நீ வரும்போது உன் சேலையில் இந்த வாடைதான் இருக்கும். துரைசாணியின் மகனுடைய தலையணை வாடை.

அவனுக்கு நீ ஆயா. அவனுக்கு இருமல் என்றால் அங்கேயே தங்கிவிடுவாய். எனக்குக் காய்ச்சல் என்றால் பக்கத்து அறை ராக்கம்மா அக்கா கஞ்சி கொடுப்பார். அவர்கள் சீமைக்குக் கப்பலேறிய அன்று, இனி நீ எனக்குத்தான் என்று வாசலில் நின்றேன். நீ இடுப்பில் ஒரு மண்சட்டியோடு வந்தாய். வளர்த்தவளிடமிருந்து பிள்ளையை எடுத்துக்கொண்டு, பதிலுக்கு ஒரு செடியைக் கொடுத்து அனுப்பியிருந்தாள் துரைசாணி. நீயோ அதை வரம்போல வாங்கி வந்தாய்.

குளிர்நாட்டுச் செடி. சிராங்கூன் ரோட்டுச் சந்தின் புழுக்கமும் மழையும் அதற்கு ஆகாது. மணலும் பொடிக்கல்லும் முட்டையோட்டுத் தூளும் கலந்து மண் மாற்றினாய். மழை இறங்கினால் முதலில் சட்டியைத்தான் தாழ்வாரத்துக்கு இழுப்பாய். கொடியில் என் பள்ளிச் சட்டை நனையும்.

ஒருநாள் ராக்கம்மா அக்கா குளித்துவிட்டு, துளசிக்கு ஊற்றுவதுபோல் அதற்கும் ஒரு செம்பு தண்ணீர் ஊற்றிவிட்டார். நீ பதறி ஓடி வந்தாய்.

"ஐயோ அக்கா, ஊத்தாதீங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்! வேரு அழுகிடும்லா!"

"புண்ணியமாப் போகுமேன்னு ஊத்துனேன்டி. ஒரு பூ பூத்திருக்கா இது? பெத்த பிள்ளையாட்டம் தாங்குறியே!"

நீ சட்டியைச் சாய்த்துத் தண்ணீரை வடித்தாய். உட்கார்ந்து, ஓலை விசிறியால் அதன் மண்ணுக்கு விசிறினாய். "தாக் அப்பா, சாயாங், தாக் அப்பா" என்றாய். ஒன்றுமில்லை, கண்ணே, ஒன்றுமில்லை. துரைசாணியின் மகனை நீ தூங்கவைத்த அதே மலாய். என்னிடம் பேசிய தமிழில் எழுந்திரு, தேய், படி மட்டுமே இருந்தன.

"அதுகிட்ட ஏம்மா மலாய் பேசுற?"

"அதுக்குத் தமிழ் தெரியாதுலா" என்று சிரித்தாய்.

"எனக்கும் மலாய் தெரியும். எங்கிட்டப் பேசு."

உன் சிரிப்பு நின்றுவிட்டது. "போடி. போய்ப் பாடத்தைப் படி."

மேடைகளில் இப்போது வெள்ளைக்காரன் கொண்டுபோன ரப்பரையும் ஈயத்தையும் கணக்குச் சொல்கிறார்கள். உன்னிடமிருந்து கொண்டுபோனதை ஒருவரும் சொல்வதில்லை.

நீ கண்மூடியதும் செடியும் வாடிவிடும் என்று காத்திருந்தேன். வாட நான்தான் விடவில்லை. விரலை மண்ணில் விட்டு ஈரம் பார்க்கிறேன். காய்ந்த கிளையைக் கழிக்கிறேன். செம்போடு வருகிறவர்களிடம் சண்டை போடுகிறேன். பொறாமையில் பல தடவை அதைப் பிடுங்கப் போயிருக்கிறேன். ஆனால் உன் கனிவையெல்லாம் குடித்து வளர்ந்தது அது ஒன்றுதான். அதைப் பிடுங்கினால் எனக்கு மிச்சம் என்ன?

எனக்கு மலாய் தெரியும், அம்மா. அன்றைக்கும் தெரியும். ஒரே ஒரு தடவை என்னிடம் பேசு.