சிவப்பு விளக்கு அணைவதற்குள்

ஓய்,

இன்று காலை உம்முடைய எவர்சில்வர் டிபன் டப்பாவைத் திறந்தேன். ரோஸின் வாசனை அடித்தது. ஈயப் பற்று வைக்கும்போது புகையோடு எழுந்து மூக்கில் ஏறுமே, அந்த மரப்பிசின் வாசனை. இத்தனை வருஷம் மூடிக்குள் மூச்சைப் பிடித்துக்கொண்டு எனக்காகவே காத்திருந்தது போல ஒரே பாய்ச்சலாய் வந்து மூக்கைப் பிடித்தது. டப்பாவை மேஜையில் வைத்தேன். அதோடு ஒட்டிப் பிறந்த பிஸ்கட் டின்னைத் தரையில் வைத்தேன். இரண்டுக்கும் நடுவில் உள்ள நீளக் கம்பியைச் செருகி, ஹெட்ஃபோனை மாட்டி, சுவிட்சைப் போட்டேன். பாட்டு எதுவும் போடவில்லை. உம் முறைப்படி வெறுமனே கேட்டேன்.

இரைகிறது.

வேறு யாருக்காவது எழுதினால் இதற்கு வருத்தம் சொல்லிப் பதில் போடுவார்கள். இது எப்பேர்ப்பட்ட செய்தி என்று தெரிந்த ஒரே மனிதர் நீர். ஆனால் நான் எதையும் சுருக்கமாகச் சொல்லி உமக்குப் பழக்கமில்லை. ஆகவே பொறும்.

டெல்லி மோதி பாக் குவார்ட்டர்ஸில் நீர் கீழ் வீடு, நான் மேல் வீடு. நான் ஒரு மந்திரியின் ஆபீஸில் ஃபைல்களை இந்த மேஜையிலிருந்து அந்த மேஜைக்கு நகர்த்தி, அதன் மூலம் பாரத தேசத்தையே நகர்த்திக்கொண்டிருந்தேன். உமக்குக் கேட்பதுதான் உத்தியோகம். ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, அயல்நாட்டு வானொலிகள் தமிழில் என்ன பேசுகின்றன என்று கேட்டு எழுதித் தர வேண்டும். காதுக்குச் சம்பளம் வாங்கிய ஒரே திருநெல்வேலிக்காரர் நீர்தான் என்று கரோல் பாக் வரை பறைசாற்றி வைத்திருந்தேன்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை படியேறி வந்து, காபியைத் தொடாமல் சொன்னீர்: "ஆபீஸ் மெஷின்ல ஒரு இரைச்சல் கேக்குவே. நானே சுத்தமா ஒரு ஆம்ப்ளிஃபையர் செஞ்சு கேக்கப் போறேன்."

"மெஷின் சர்க்கார் சொத்து ஓய். அது இரைந்தால் உமக்கென்ன?"

"கோடை முடிஞ்சதும் காது டெஸ்ட் வருதுல்லா. இரைச்சல் அதுலயா, இதுலயான்னு தெரியணும்." வலது காதைத் தொட்டுக் காட்டினீர். "இதுலன்னா என்னைத் தூக்கிப் பேப்பர் மொழிபெயர்ப்புல போட்டுருவானுவ. ரேடியோவ இனிமே தொட விடமாட்டானுவ."

அவ்வளவுதான் சொன்னீர். காபியும் ஆறிப் போயிருந்தது.

ஹெட்ஃபோனுக்கு ஒரு ஆம்ப்ளிஃபையர் என்றால் நான் ஏதோ ராக்கெட் என்று நினைத்தேன். நீர் காட்டியதோ கரப்பான்பூச்சி அளவில் ஐ.சி. என்னும் ஒரு சில்லு, சுற்றிலும் கொஞ்சம் சில்லறைச் சாமான். "இது சும்மா குழாய்தான்வே. தண்ணி கலங்கலா வந்தா குழாய் என்ன செய்யும்? சப்ளைதான் விஷயம்" என்றீர். டெல்லி மின்சாரம் என்னும் கலங்கல் தண்ணீரை வடிகட்டித் தெளிய வைக்கும் அந்த சப்ளையைக் கட்டத்தான் நம் கோடைக்காலம் முழுவதும் போனது. அந்த மின்சாரத்தின் குணம் உமக்கு நினைவிருக்கும். ஒரு நாள் பல்பு மூக்குத்தி போல மினுங்கும். மறுநாள் மின்விசிறி கூரையைப் பிய்த்துக்கொண்டு லாகூர் பக்கம் பறக்கப் பார்க்கும்.

டெல்லிச் செங்கோட்டைக்கு எதிரே இருந்த கடைகளில் நீர் ட்ரான்ஸ்ஃபார்மர்களைக் கையில் ஏந்தி, கத்திரிக்காய் பொறுக்குவது போலத் தட்டி, காதில் வைத்துப் பார்த்தீர். கடைக்காரர் என்னிடம் கேட்டார்: "பாயி சாப், ஹெட்ஃபோனுக்கு இத்னா படா? ஸ்கூட்டர் சலானா ஹை க்யா?" இவ்வளவு பெரிசு எதற்கு, ஸ்கூட்டர் ஓட்டவா என்றவருக்கு, ஸ்கூட்டர் இல்லை, ரயில் ஓட்டப் போகிறோம் என்று என் செந்தமிழ் இந்தியில் பதில் சொன்னேன். அவர் விலையை ஏற்றிவிட்டார்.

முதலில் எல்லாவற்றையும் அந்த டிபன் டப்பா ஒன்றுக்குள்ளேயே திணித்தீர். ஹெட்ஃபோனை மாட்டினால் தேனீக்கூட்டில் தலையை விட்டது போல இரைந்தது. இருவருக்கும் கேட்டது. உம் முகத்தில் அன்று கண்ட ஆனந்தத்தை உம் கல்யாண ஃபோட்டோவில்கூட நான் கண்டதில்லை. "பாத்தீரா, பெட்டிதான்! ட்ரான்ஸ்ஃபார்மர் பக்கத்துல இருக்கில்லா, அதான்" என்று அதைப் பிடுங்கி பிஸ்கட் டின்னுக்குள் தனிக்குடித்தனம் வைத்தீர். நடுவில் நீளக் கம்பி. பிறகு கண்டன்சர்களைப் பெரிதாக்கினீர், ரெகுலேட்டர் போட்டீர், எர்த் கம்பிகளையெல்லாம் ஒரே புள்ளியில் கொண்டுவந்து சேர்த்தீர்.

தனிக்குடித்தனம் போன அன்றே எனக்கு இரைச்சல் நின்றுவிட்டது. அதை என் பாணியில் அறிவித்தேன்: "ஓய், ஆக்ராவில் ஒரு எறும்பு தும்முகிறது, கேட்கிறது!"

"நீரு சும்மா இரும். எனக்கு இன்னும் கேக்கு."

ரெகுலேட்டர் போட்ட பிறகும் அதையே சொன்னீர். இப்போது பழி பக்கத்து வீடுகளின்மேல் விழுந்தது. ஃப்ரிட்ஜும் ட்யூப் லைட்டும் ஒயர் வழியாகத் தொல்லை தருகின்றன என்று கண்டுபிடித்தீர். நாம் இருவரும் அந்த பிளாக்கின் ஒவ்வொரு கதவையும் தட்டி ஃப்ரிட்ஜை அணைக்கச் சொல்லிக் கெஞ்சினோம். எதிர்வீட்டுப் பஞ்சாபி மாமி இடுப்பில் கை வைத்துக்கொண்டு, "மேரா ஃப்ரிட்ஜ் ஆப்கே கான் மே கைசே பஜேகா?" என்று கேட்டாள். என் வீட்டு ஃப்ரிட்ஜ் உங்கள் காதில் எப்படி ஒலிக்கும் என்ற அந்தக் கேள்விக்கு நீர் பத்து நிமிஷம் இந்தியில் மின்னியல் பாடம் நடத்தினீர். அவள் அணைத்துவிட்டாள். புரிந்து அல்ல, பயந்து.

அப்போதும் உமக்குக் கேட்டது.

"எனக்குச் சுத்தமாக இல்லையே ஓய். கல்லறையில்கூட இதைவிடச் சத்தம் இருக்கும்" என்றேன்.

"உம்ம பேச்ச நம்பி நான் ஒண்ணும் முடிவு கட்ட முடியாதுவே. நீரு மழை பெஞ்சா வெள்ளம்பீரு. உம்ம வாய்க்கு ஒரு ரெகுலேட்டர் போடணும். உள்ள எவ்வளவு வந்தாலும் வெளிய அளவாத்தான் விடணும்."

ரெகுலேட்டர் என்றால் என்னவென்று எனக்கு அன்றுதான் முழுசாகப் புரிந்தது.

அப்புறம் அந்த மே மாத மதியம். ஹெட்ஃபோனும் கையுமாக நீர் உட்கார்ந்திருந்தபோது கரண்ட் போனது. காலனி முழுவதும் கூலர்களும் ஃப்ரிட்ஜ்களும் ஒரே மூச்சில் அடங்கின. மோதி பாக் அப்படி ஒரு அமைதியைக் கண்டதே இல்லை. நான் வாயைத் திறந்தேன். நீர் கையை உயர்த்தினீர்.

நீர் எனக்குச் சொல்லிக்கொடுத்த சோதனைதான். பிளக்கைப் பிடுங்கினாலும் கண்டன்சரில் தேங்கிய கரண்டில் பெட்டி சில நொடி உயிரோடு இருக்கும். சிவப்பு விளக்கு மெல்ல மெல்ல மங்கும். அது அணைவதற்குள் இரைச்சல் நின்றால் குற்றம் சப்ளையில். நிற்காவிட்டால் வேறெங்கோ.

விளக்கு மங்கிக்கொண்டே வந்தது. "இன்னும் கேக்கு" என்றீர். அணைந்தது. "இன்னும் கேக்கு." ஹெட்ஃபோனைக் கழற்றி மடியில் வைத்துக்கொண்டீர். மூன்றாம் முறை சொல்லவில்லை.

கரண்ட் திரும்பி வரும்வரை இருவரும் வியர்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். வந்ததும் ஹெட்ஃபோனை என் தலையில் நீரே மாட்டினீர். "கூட்டாதயும், குறைக்காதயும். கேக்குதா?"

எறும்பு, கல்லறை, இமயமலையில் பனி விழும் ஓசை எல்லாம் நாக்கு நுனி வரை வந்தன. விழுங்கினேன்.

"இல்லை."

"ரெகுலேட்டர் வேல செய்யுதுவே" என்று என் தோளைத் தட்டினீர்.

சிறிது நேரம் கழித்து நீரே சொன்னீர்: "மெயின்ஸ் இரைச்சல்னா அடித்தொண்டைல 'ம்ம்'னு இருக்கும். இது கீச்சுன்னுல்லா கேக்கு. எனக்கு எப்பவோ தெரியும்."

"பின்னே ஏன் ஓய் ஊரில் உள்ள ஃப்ரிட்ஜையெல்லாம் அணைக்க வைத்தீர்?"

"பெட்டில ஒரு குத்தம் மிச்சம் இருக்க வரைக்கும் காதக் குத்தம் சொல்லலாமாவே?"

வேறொருவர் அன்று போர்த்திக்கொண்டு படுத்திருப்பார். உமக்கோ, காதுக்குள் வந்திருப்பவன் யாரென்று தெரிய வேண்டும். என் வீட்டுக்காரியின் சுருதிப் பெட்டியை வாங்கிவரச் செய்து, உள்ளே கேட்கும் கீச்சு எந்த சுருதி என்று தேட ஆரம்பித்தீர். கட்டை கட்டையாக ஏற்றிக்கொண்டே போனீர். பெட்டி தீர்ந்தது, கீச்சு தீரவில்லை. "எட்டலவே! மேல எங்கயோ இருக்கு!" என்று நீர் கத்தியதைக் கேட்டு என் வீட்டுக்காரி மேல் வீட்டு அடுக்களையிலிருந்து, "அவர் பாடக் கத்துக்கறாரா?" என்றாள். சிரித்துச் சிரித்து எனக்குக் கண்ணில் நீர் வந்தது. எதனால் வந்தது என்று நான் அப்போது ஆராயவில்லை.

டெஸ்டுக்குக் காத்திராமல் நீரே ஆபீஸில் போய்ச் சொன்னீர். பேப்பர் பிரிவில் போட்டார்கள். டப்பாவையும் டின்னையும் என் வீட்டில் கொண்டுவந்து வைத்தீர். இல்லாத இரைச்சலைத் துரத்தித் துரத்தியே இந்தியாவிலேயே மிக அமைதியான பெட்டியைச் செய்திருந்தீர். இதில் மட்டும் நான் கூட்டிச் சொல்லவில்லை. "எனக்குக் கேக்காத அமைதிய நீராவது கேளும்" என்றீர். பாளையங்கோட்டைக்குப் போன பிறகும் ஃபோனில் முதல் கேள்வி அதுதான்: "பெட்டி எப்படி இருக்கு?" போன வருஷம் அந்த எண்ணிலிருந்து உம் மகன் பேசினான், உம் காரியத்துக்குத் தேதி சொல்ல.

அந்தச் சோதனை மட்டும் என்னை விடவில்லை. மிக்ஸி உறுமினாலும் சரி, மனிதர்கள் உறுமினாலும் சரி, முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டுச் சும்மா கேட்கிறேன். பாதி நேரம் இரைச்சல் என்னிடமிருந்துதான் வருகிறது.

ஆகவே இன்று காலையும் சந்தேகம் முதலில் என் காதின்மேல்தான். வயசாகிறதே. பிளக்கைப் பிடுங்கினேன். சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டே கேட்டேன்.

சட்டென்று நின்றது. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது.

பெட்டிதான் ஓய்! காதில்லை! கண்டன்சர் காய்ந்துவிட்டது, வேறொன்றுமில்லை! ஃபோனைக் கையில் எடுத்துவிட்டேன். "காலங்காத்தால யாருக்கு?" என்று கேட்டாள் என் வீட்டுக்காரி. கீழே வைத்தேன்.

புதுக் கண்டன்சர்கள் வாங்கி மேஜைமேல் வைத்திருக்கிறேன். மாற்ற அரை மணி போதும். ஆனால் நீர் வீடு வீடாகப் போய்த் தேடிய விருந்தாளி இப்போதுதான் வந்திருக்கிறது. இரண்டு நாள் இருந்துவிட்டுப் போகட்டும்.